கொரியாவில் பாடம் எடுக்கும் மகளுக்கு அமெரிக்க வருமான வரி விலக்கு: ரிட்டர்ன் போட வேண்டுமா, வேண்டாமா?

எடிசன்_அம்மா
2025 மே 11, காலை 9:40

வணக்கம். நாங்கள் நியூஜெர்சிக்கு வந்து 26 வருடம் ஆகிறது. மகள் இங்கேயே பிறந்தவள், அமெரிக்கக் குடிமகள். படிப்பு முடிந்ததும் 2023 பிப்ரவரியில் தென் கொரியா போனாள். ஜியோன்ஜு பக்கத்தில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். மாதம் 25 லட்சம் வொன் சம்பளம். குடியிருக்க ஒற்றை அறை வீடும் பள்ளியே கொடுத்திருக்கிறது.

போன வாரம் வீடியோவில் பேசும்போது சம்பளச் சீட்டைக் காட்டினாள். வருமான வரி என்ற கட்டத்தில் ஒரு தொகை இருந்தது. இரண்டு வருடமாக அந்தக் கட்டத்தில் பூஜ்யம்தான். "ரெண்டு வருஷ விலக்கு முடிஞ்சுபோச்சும்மா, இனிமே கட்டணும்" என்றாள். அப்போதுதான் எனக்குத் தோன்றியது. சரி, அமெரிக்காவில் ரிட்டர்ன் போட்டாயா என்று கேட்டேன். "எனக்குத்தான் விலக்கு இருக்கே, எதுக்குப் போடணும்? கூட வேலை பார்க்கிற அமெரிக்காக்காரங்க யாருமே போடலை" என்கிறாள். 2023-க்கும் போடவில்லை, 2024-க்கும் போடவில்லை.

அவள் சொல்வது சரியா? இரண்டு நாளாக எனக்குத் தூக்கம் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


அபுதாபி_பௌதிகம்
2025 மே 11, காலை 10:25

அக்கா, போட்டே ஆக வேண்டும். நானும் ஆசிரியர்தான். 2021-ல் டெக்சாஸிலிருந்து இங்கே வந்தேன். விலக்கு இருக்கிறது என்பது உண்மை. ஆனால் ரிட்டர்னில் கேட்டு வாங்கினால்தான் அது நம்முடையது. நான் வேறு மாதிரி ஒரு தப்பைச் செய்து, முதல் வருடம் கட்ட வேண்டாத வரியைக் கட்டினேன். பள்ளிக்குக் கிளம்புகிறேன், சாயங்காலம் விவரமாக எழுதுகிறேன்.


கணக்கர்_மிச்சிகன்
2025 மே 11, பிற்பகல் 1:10

அம்மா, பயப்பட வேண்டாம். முப்பது வருடம் வெளிநாட்டு அமெரிக்கர்களின் ரிட்டர்ன்களையே பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் மகளின் நிலை சரிசெய்யக்கூடியதுதான். ஆனால் அவள் இரண்டு விலக்குகளை ஒன்றாக்கிக் குழப்பிக்கொண்டிருக்கிறாள். இந்தத் தொழிலில் நான் அதிகம் பார்த்த குழப்பம் இது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதல் விலக்கு கொரியா கொடுத்தது. அமெரிக்காவும் கொரியாவும் 1976-ல் கையெழுத்திட்ட வரி ஒப்பந்தத்தில் ஆசிரியர்களுக்கென்றே 20-வது பிரிவு இருக்கிறது. அரசோ பல்கலைக்கழகமோ அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனமோ அழைத்து, இரண்டு வருடத்துக்கு மிகாமல் பாடம் நடத்த வருகிற அமெரிக்கவாசிக்கு, அந்தச் சம்பளத்தின்மேல் கொரியா வரி போடாது. இதைக் கேட்கும்போது "இவர் அமெரிக்க வரிவாசிதான்" என்று அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ். கொடுக்கும் ஃபார்ம் 6166 சான்றிதழைக் காட்ட வேண்டும். உங்கள் மகள் போவதற்கு முன்பே ஃபார்ம் 8802-ல் 85 டாலர் கட்டி அதை வாங்கியிருப்பாள். ஹக்வான் எனப்படும் தனியார் டியூஷன் மையங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தச் சலுகை பொதுவாகக் கிடைப்பதில்லை.

இந்த ஒப்பந்தச் சலுகை அமெரிக்காவைக் கட்டுப்படுத்தாது. கிட்டத்தட்ட எல்லா ஒப்பந்தங்களிலும் "என் குடிமக்கள்மேல் வரி போடும் உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை" என்று அமெரிக்கா ஒரு பிரிவை எழுதி வைத்துக்கொள்கிறது. குடிமகன் உலகத்தில் எந்த மூலையில் சம்பாதித்தாலும் அமெரிக்காவில் கணக்குக் காட்ட வேண்டும்.

இரண்டாவது விலக்குதான் அமெரிக்கா கொடுப்பது. வருமான வரிச் சட்டத்தின் 911-வது பிரிவு, ஃபார்ம் 2555. வெளிநாட்டில் உழைத்துச் சம்பாதித்த பணத்தில் 2023-க்கு 1,20,000 டாலர் வரை, 2024-க்கு 1,26,500 டாலர் வரை, 2025-க்கு 1,30,000 டாலர் வரை கழித்துக்கொள்ளலாம். இது தானாக வராது. வருமான வரி ரிட்டர்னான ஃபார்ம் 1040 போட்டு, 2555-ஐ இணைத்துக் கேட்க வேண்டும். ரிட்டர்ன் போட வேண்டுமா என்பதை முடிவு செய்வது, விலக்கைக் கழிப்பதற்கு முந்தைய வருமானம். தனி ஆளுக்கு 2023-ல் அந்த வரம்பு 13,850 டாலர், 2024-ல் 14,600 டாலர்.

உங்கள் மகளின் 2024 கணக்கைப் பார்ப்போம். 25 லட்சம் வொன் வீதம் 12 மாதத்துக்கு 3 கோடி வொன். ஐ.ஆர்.எஸ். வெளியிடும் வருட சராசரி மாற்று விகிதத்தில் சுமார் 22,000 டாலர். பள்ளி கொடுத்த வீட்டின் நியாயமான வாடகை மதிப்பும் வருமானம்தான். மாதம் 4 லட்சம் வொன் என்று வைத்தால் இன்னொரு 3,500 டாலர். ஆக 25,500. ஃபார்ம் 2555 இல்லாமல் ரிட்டர்ன் போட்டால் எல்லோருக்கும் உள்ள பொதுக் கழிவு 14,600 போக மீதி 10,900-க்கு 10 சதவீதம், 1,090 டாலர் வரி. 2555-ஐ இணைத்தால் பூஜ்யம். இந்த ஒரு ஃபார்ம் அவளுக்கு வருடம் ஆயிரம் டாலர் மிச்சம் பிடித்துக்கொடுக்கிறது.


எடிசன்_அம்மா
2025 மே 11, பிற்பகல் 2:30

ஐயா, ரொம்ப நன்றி. இரண்டு மூன்று தடவை படித்தேன், இப்போது புரிகிறது. அந்த 6166 காகிதம் நினைவிருக்கிறது, எங்கள் வீட்டு விலாசத்துக்குத்தான் தபாலில் வந்தது. ஆனால் 2023-க்கான கெடு எப்போதோ போய்விட்டதே. இப்போது போட்டால் விலக்கு கொடுப்பார்களா? அபராதம் எவ்வளவு வரும்?


கணக்கர்_மிச்சிகன்
2025 மே 11, பிற்பகல் 3:05

2024-க்கு நீங்கள் தாமதமே இல்லை, அம்மா. ஏப்ரல் 15 அன்று வெளிநாட்டில் வசித்து அங்கேயே வேலை பார்ப்பவர்களுக்குத் தானாகவே ஜூன் 15 வரை நேரம் உண்டு. இந்த வருடம் அது ஞாயிறு, அதனால் ஜூன் 16. அதற்கும் முடியாவிட்டால் ஃபார்ம் 4868 போட்டு அக்டோபர் 15 வரை தள்ளலாம். வரி பாக்கி உள்ளவர்களுக்கு வட்டி மட்டும் ஏப்ரல் 15-லிருந்தே ஓடும். உங்கள் மகளுக்குப் பாக்கி இல்லை.

2023-க்குத் தாமதம் ஆகிவிட்டது. இருந்தாலும் விலக்கைக் கழித்தபின் வரி எதுவும் பாக்கி இல்லை என்றால், தாமதமான ரிட்டர்னிலும் 2555-ஐ இணைக்க விதி 1.911-7 இடம் கொடுக்கிறது. அந்த விதியின்கீழ் தாக்கல் செய்கிறேன் என்ற வரியை 1040-ன் முதல் பக்கத் தலையில் எழுத வேண்டும். சரியான வாசகம் ஃபார்ம் 2555 குறிப்பேட்டிலேயே இருக்கிறது, எழுத்துப் பிசகாமல் அப்படியே எழுதச் சொல்லுங்கள். தாமத அபராதம் பாக்கி வரியின் சதவீதமாகத்தான் கணக்கிடப்படும். பாக்கி பூஜ்யம் என்றால் அபராதமும் பூஜ்யம்.

இதெல்லாம் அவள் தகுதி பெற்றால்தான். அதற்கு நாள் கணக்கு வேண்டும். தொடர்ச்சியான ஏதாவது ஒரு 12 மாதத்தில் 330 முழு நாள் வெளிநாட்டில் இருந்திருக்க வேண்டும். நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை 24 மணி நேரமும் வெளிநாட்டில் இருந்தால்தான் அது ஒரு நாள். அவள் எந்தத் தேதியில் கிளம்பினாள், எப்போதெல்லாம் வீட்டுக்கு வந்தாள் என்று எழுதுங்கள்.


எடிசன்_அம்மா
2025 மே 11, இரவு 9:15

மளிகைக் கடையில் கொடுக்கும் தமிழ் மாதக் காலண்டர்களை நான் தூக்கிப்போடுவதில்லை. 2023 காலண்டரை அலமாரியிலிருந்து எடுத்தேன். சிவராத்திரிக்கு மறுநாள், பிப்ரவரி 19, ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் "பாப்பா பயணம்" என்று பென்சிலில் எழுதியிருக்கிறேன். அடுத்த கட்டத்தில் "இறங்கிட்டா, சாப்பிட்டா". அங்கே 20-ஆம் தேதி சாயங்காலம் போய் இறங்கினாள்.

பிறகு 2024 ஜனவரியில் பள்ளி விடுமுறைக்கு இங்கே வந்து 24 நாள் இருந்தாள். 2023 ஆகஸ்டில் மதுரையில் என் அம்மாவைப் பார்க்க 9 நாள் போனாள். 2024 கோடையில் தோழிகளோடு வியட்நாம், ஒரு வாரம். அவ்வளவுதான்.


கணக்கர்_மிச்சிகன்
2025 மே 12, காலை 8:20

அருமையான பதிவேடு, அம்மா. நாளை யாராவது கேட்டால் விமானச் சீட்டோடு அந்தக் காலண்டரையும் காட்டலாம். இரண்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.

பிப்ரவரி 20 சாயங்காலம் இறங்கியதால் அந்த நாள் கணக்கில் வராது. முதல் முழு நாள் 21. அன்றிலிருந்து 2024 பிப்ரவரி 20 வரை 365 நாள். அதில் எடிசனில் இருந்த 24 நாளும் பயணத்தில் போன ஓரிரு நாளும் கழிந்தால் சுமார் 340 நிற்கிறது. 330-ஐத் தாண்டியாயிற்று. மதுரையில் பாட்டியோடு இருந்த 9 நாளும் வெளிநாட்டு நாட்களே. கொரியாவில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, அமெரிக்காவுக்கு வெளியே ஏதாவது ஒரு நாட்டில் இருந்தால் போதும். வியட்நாமும் அப்படித்தான்.

2023-ல் அவளுக்குக் கணக்கில் வரும் நாட்கள் பிப்ரவரி 21 முதல் டிசம்பர் 31 வரை, 314. விலக்கின் உச்சவரம்பும் அந்த விகிதத்தில் குறையும்: 1,20,000-ஐ 365-ஆல் வகுத்து 314-ஆல் பெருக்கினால் 1,03,233 டாலர். அவள் சம்பளம் அதன் பக்கத்திலேயே வரவில்லை. 2024-க்கு முழு வரம்பு.


அபுதாபி_பௌதிகம்
2025 மே 12, காலை 11:50

நேற்று எழுதுவதாகச் சொன்னேனே, இதோ. சர்வதேசப் பள்ளி ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது இது.

330 நாள் என்றால் 12 மாதத்தில் அமெரிக்காவில் இருக்க அதிகபட்சம் 35 நாள். எங்கள் பள்ளிகளில் கோடை விடுமுறையே இரண்டு மாதம்! 2021 ஆகஸ்ட் 20 இங்கே வந்தேன். 2022 ஜூலை 1 டெக்சாஸ் போய் 58 நாள் அப்பா அம்மாவோடு இருந்துவிட்டு வந்தேன். அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன், நான்தான் கூட இருந்தேன். 12 மாதத்தை எப்படி முன்னே பின்னே நகர்த்திப் பார்த்தாலும் 330 வரவில்லை. சரி, விலக்கு இல்லை என்று நினைத்து 2021-க்கு முழு வரியும் கட்டிவிட்டேன். இங்கே வருமான வரியே கிடையாது, அதனால் வெளிநாட்டு வரிக்கான கழிவு என்று கேட்கவும் எதுவும் இல்லை.

பிறகுதான் இன்னொரு வழி இருப்பது தெரிந்தது. ஒரு நாட்டில் உண்மையாகவே குடியிருப்பவர் என்று காட்டினால் நாட்களை எண்ண வேண்டியதே இல்லை. குடியிருப்பு விசா, வருட ஒப்பந்தம், வீட்டு வாடகைப் பத்திரம், மகன் படிக்கும் பள்ளி எல்லாம் அதற்குச் சான்று. ஆனால் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை ஒரு முழுக் காலண்டர் வருடம் அதில் அடங்க வேண்டும். எனக்கு அந்த முழு வருடம் 2022. அது முடிந்த பிறகு, வந்திறங்கிய 2021 ஆகஸ்டிலிருந்தே தகுதி உண்டு. இடையில் விடுமுறைக்கு ஊருக்குப் போய்வருவது இதைக் கெடுக்காது.

2021 ரிட்டர்னைத் தள்ளிவைக்க ஃபார்ம் 2350 என்றே ஒன்று இருக்கிறது, தகுதி பெறும்வரை காத்திருக்க விரும்புபவர்களுக்காக. அது எனக்குத் தெரியவில்லை. கடைசியில் 2023 வசந்தத்தில் திருத்த ரிட்டர்ன், ஃபார்ம் 1040-எக்ஸ் போட்டேன். 1,800 டாலர் திரும்பி வந்தது. வந்த அன்று அப்பாவின் பிசியோதெரபிக்கு அதை அப்படியே அனுப்பினேன்.


ஒசாகா_ரவி
2025 மே 12, இரவு 8:45

அபுதாபி சார் சொன்ன வழியை எடிசன் அம்மாவின் மகள் எடுக்கக்கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் ஜப்பானில், வெளிநாட்டவரை ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க அழைக்கும் ஜெட் திட்டத்தில் மூன்று வருடம் இருந்தவன். அப்போது அங்கேயும் அமெரிக்கர்களுக்கு ஒப்பந்தத்தின் 20-வது பிரிவில் இரண்டு வருடம் ஜப்பான் வரி கிடையாது, அதே 6166 சான்றிதழோடு. 2019-ல் அந்தப் பிரிவை நீக்கிவிட்டார்கள்.

அந்தச் சான்றிதழைக் கொடுக்கும்போது நாம் என்ன சொல்கிறோம்? "நான் அமெரிக்க வரிவாசி" என்கிறோம். அதோடு, நான் உங்கள் நாட்டில் குடியிருப்பவன் இல்லை என்று அந்த நாட்டு அதிகாரிகளிடம் எழுதிக்கொடுத்து, அவர்களும் அதை ஏற்று குடியிருப்பவருக்கான வரியிலிருந்து விட்டுவிட்டால், அதற்குப் பிறகு ஐ.ஆர்.எஸ்.ஸிடம் "நான் அந்த நாட்டில் குடியிருப்பவன்" என்று சொல்ல முடியாது. சட்டமே அதைத் தடுக்கிறது. ஒப்பந்த விலக்கு வாங்குவது மட்டுமே தடை ஆகாது, எழுதிக்கொடுத்த வாக்குமூலம்தான் தடை. அந்த வாக்குமூலத்தில் என்ன இருந்தது என்று இரண்டு வருடம் கழித்து யாருக்கு நினைவிருக்கும்? அதனால் ஒப்பந்த விலக்கு எடுத்தவர்களுக்கு 330 நாள் வழிதான் பத்திரமானது. என் நண்பர் ஒருவர் இரண்டையும் கலந்து போட்டு, கடிதம் வந்து, ஒரு வருடம் அலைந்தார்.


தனிவழி
2025 மே 13, காலை 7:30

ஒரு கேள்வி. கொரியாவும் வரி வாங்கவில்லை, அமெரிக்காவும் வாங்கவில்லை. இது நியாயம்தானா? அப்புறம், 22,000 டாலர் சம்பாதிக்கும் ஒரு சின்னப் பெண்ணை ஐ.ஆர்.எஸ். எதற்குத் தேடிப்போகும்? போடாமலே விட்டால்தான் என்ன?


கணக்கர்_மிச்சிகன்
2025 மே 13, காலை 10:00

முதல் கேள்விக்கு: 911-வது பிரிவு வெளிநாட்டில் வரி கட்டியிருக்க வேண்டும் என்று எங்கும் கேட்கவில்லை. வளைகுடா ஆசிரியர்கள் எல்லோரும் இதில்தான் வருகிறார்கள். சட்டம் கொடுத்ததைக் கேட்டு வாங்குவதில் ஒரு தப்பும் இல்லை.

இரண்டாவது எனக்கு முக்கியம். ரிட்டர்ன் போட்டால், பொதுவாக மூன்று வருடத்தில் ஐ.ஆர்.எஸ். அந்த வருடத்தை மூடிவிட வேண்டும். போடாவிட்டால் அந்தக் கடிகாரம் ஓடவே தொடங்காது. 2023 என்ற வருடம் அவளுக்கு 2043-லும் திறந்தே கிடக்கும். அடுத்து, அமெரிக்கர்களின் வெளிநாட்டுக் கணக்குகளை வங்கிகள் தெரிவிக்கச் சொல்லும் ஃபட்கா சட்டத்தால் வெளிநாட்டு வங்கிகள் அமெரிக்கர்களின் சோஷியல் செக்யூரிட்டி எண்ணைக் கேட்டு வாங்குகின்றன. அவள் கணக்கு விவரம் ஏதோ ஒரு வழியில் இங்கே வரக்கூடும். வேறு நாட்டில் வேலை கிடைத்து மறுபடி 6166 வேண்டுமென்றால், போட வேண்டிய ரிட்டர்னைப் போடாதவருக்கு அது வராது. நாளை அவள் அங்கே யாரையாவது திருமணம் செய்து கிரீன் கார்டுக்கு ஆதரவு மனு, ஐ-864, போடுவதானால் கடைசி வருட வரி ரிட்டர்னை இணைக்க வேண்டும். இந்த இடத்தில் வந்து மாட்டிக்கொண்டு என்னிடம் அழுத பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பூஜ்யம் வரிக்கு இரண்டு ஃபார்ம், ஒரு சனிக்கிழமை வேலை. தயவுசெய்து போட்டுவிடுங்கள்.


கோவை_கணிதம்
2025 மே 13, மாலை 6:40

ஐயா, நான் அமெரிக்கக் குடிமகன், 2022-ல் கோயம்புத்தூர் திரும்பிவிட்டேன். வீட்டிலிருந்தே ஆன்லைனில் அமெரிக்கப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். வருடம் செலவு போக 24,000 டாலர் வருகிறது. மாணவர்கள் அமெரிக்காவில் இருப்பதால் இது அமெரிக்க வருமானமா? எனக்கு விலக்கு உண்டா?


கணக்கர்_மிச்சிகன்
2025 மே 13, இரவு 9:20

நீங்கள் எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறீர்களோ அந்த ஊர்தான் கணக்கு. கோவையில் உட்கார்ந்து பாடம் எடுத்தால் அது வெளிநாட்டு வருமானமே, 2555 உங்களுக்கும் உண்டு.

ஆனால் நீங்கள் யாரிடமும் சம்பளத்துக்கு இல்லை, சுயதொழில். சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்துக்கும் மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கும் போகும் சுயதொழில் வரி 15.3 சதவீதத்தை 2555 தொடாது. 24,000-ல் 92.35 சதவீதத்தின்மேல் கணக்கிட்டால் சுமார் 3,390 டாலர். கொரியா, ஜப்பான் போன்ற நாடுகளோடு அமெரிக்காவுக்கு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறது, அங்கே ஒரு நாட்டில் மட்டும் கட்டினால் போதும். இந்தியாவோடு அப்படி ஒன்று இல்லை. சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் முன்கூட்டியே தெரிந்தால் மாதாமாதம் எடுத்து வைக்கலாம். கட்டும் பணம் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்துக்குத் தேவையான 40 காலாண்டுக் கணக்கில் சேரும், ஓய்வுக்காலத்தில் பயன்படும்.

இந்தியாவில் வருமான வரி கட்டுகிறீர்கள் என்றால், 2555-க்குப் பதிலாக வெளிநாட்டு வரிக் கழிவு, ஃபார்ம் 1116-ஐயும் போட்டுப் பாருங்கள். ஒரே வருமானத்துக்கு இரண்டையும் எடுக்க முடியாது. அங்கே மியூச்சுவல் ஃபண்ட் வைத்திருந்தால் அதற்குத் தனியாக ஃபார்ம் 8621 உண்டு, அது பெரிய கதை, தனி இழை தொடங்குங்கள்.


ரியாத்வாசி
2025 மே 14, காலை 6:15

நான் ரியாத்தில் ஆங்கில ஆசிரியர். மனைவி வேலைக்குப் போகவில்லை. மூன்று குழந்தைகள், எல்லோரும் 17-க்குக் கீழே, அமெரிக்கக் குடியுரிமை, சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் இருக்கிறது. இந்த வருடம்தான் முதன்முதலாக வெளிநாட்டிலிருந்து ரிட்டர்ன் போடுகிறேன். வீட்டையும் சேர்த்து 2024-ல் 60,000 டாலர். 2555 போட்டால் வரி பூஜ்யம், சரிதானே?


கணக்கர்_மிச்சிகன்
2025 மே 14, காலை 9:30

பூஜ்யம் சரி. ஆனால் அனுப்புவதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள் தம்பி.

2555 எடுக்காமல் போட்டுப் பாருங்கள். 60,000-ல் தம்பதிக்கான 29,200 கழிந்தால் 30,800. அதற்கு வரி 3,232 டாலர். மூன்று குழந்தைகளுக்குப் பிள்ளை வரிக் கழிவு தலா 2,000, மொத்தம் 6,000. அது 3,232-ஐ முழுதாக அடைத்துவிட்டு மீதி 2,768-ஐ உங்கள் கையில் கொடுக்கும். 2555 எடுத்தவர்களுக்கு இந்தத் திரும்பக் கிடைக்கும் பகுதி கிடையாது. ஆக விலக்கு எடுத்தால் பூஜ்யம், எடுக்காவிட்டால் 2,768 டாலர் வரவு.

முதல் வருடம் என்பதால் உங்களுக்குக் கை கட்டப்படவில்லை. ஏற்கெனவே 2555 எடுத்துக்கொண்டிருப்பவர்கள் அதைக் கைவிட்டால், ஐ.ஆர்.எஸ். அனுமதி இல்லாமல் அடுத்த 5 வரி ஆண்டுகளுக்கு மறுபடி எடுக்க முடியாது. சம்பளம் ஏறப்போகிறதா, மூத்த பிள்ளைக்கு எப்போது 17 ஆகிறது என்றெல்லாம் யோசித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.


ரியாத்வாசி
2025 மே 14, காலை 9:55

ஐயா, கை நடுங்குகிறது. மனைவியிடம் இப்போதுதான் காட்டினேன். மூத்தவனுக்கு 9 வயதுதான். நன்றி என்ற ஒரு சொல் போதாது.


ஜெர்மனி_மருமகள்
2025 மே 14, பிற்பகல் 12:10

நானும் கேட்டுவிடுகிறேன். கைசர்ஸ்லாட்டர்ன் பக்கத்தில் அமெரிக்க ராணுவக் குடும்பப் பிள்ளைகளுக்கான பள்ளியில் வேலை. எனக்கு ஏன் இந்த விலக்கு இல்லை என்கிறார்கள்?


கணக்கர்_மிச்சிகன்
2025 மே 14, பிற்பகல் 1:00

உங்களுக்குச் சம்பளம் கொடுப்பது அமெரிக்க அரசு. அரசு ஊழியராக வாங்கும் சம்பளத்துக்கு 911 கிடையாது, எந்த நாட்டில் இருந்தாலும். அதே ஊரில் ஒரு ஜெர்மன் தனியார் பள்ளியில் அதே பாடத்தை எடுக்கும் அமெரிக்கருக்கு உண்டு.

இதோடு சேர்த்து இன்னொன்று. தோஹா போன்ற இடங்களில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கிளைகள் இருக்கின்றன. சம்பளம் கொடுப்பது அமெரிக்க நிறுவனமே என்றால் வருமான வரி விலக்கு உண்டு, ஃபார்ம் 673 கொடுத்து மாதப் பிடித்தத்தையும் நிறுத்தச் சொல்லலாம். ஆனால் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் 7.65 சதவீதம் தொடரும்.


எடிசன்_அம்மா
2025 மே 14, இரவு 10:05

ஐயா, மறுபடியும் தொந்தரவு. மகளோடு உட்கார்ந்து 2555-ஐ நிரப்பினோம். அவள் அங்கே காலை, நான் இங்கே ராத்திரி. இரண்டு கேள்வி வந்தது. நியூஜெர்சிக்குத் தனியாகப் போட வேண்டுமா? அவள் அறை இங்கே அப்படியேதான் இருக்கிறது, ஓட்டுநர் உரிமமும் இந்த விலாசம்தான். இன்னொன்று, வெளிநாட்டு வங்கிக் கணக்கு இருக்கிறதா என்று ரிட்டர்னில் ஒரு கேள்வி இருக்கிறது. கொரியக் கணக்கில் 2023 கடைசியில் 80 லட்சம் வொன், 2024-ல் 1 கோடியே 60 லட்சம் வரை போயிருக்கிறது. அதோடு அவள் மதுரை போயிருந்தபோது தாத்தா ஆசையாக 5 லட்சம் ரூபாய் வைப்பு நிதி போட்டார். தன் பெயரோடு பேத்தி பெயரையும் சேர்த்திருக்கிறார். அதைச் சொல்ல வேண்டுமா?


கணக்கர்_மிச்சிகன்
2025 மே 15, காலை 8:45

நல்லவேளை கேட்டீர்கள்.

முதலில் தாத்தாவின் வைப்பு நிதி. வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாவற்றையும் கூட்டி, வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்ற அறிக்கை போட வேண்டும். பெயர் சேர்ந்திருந்தால் கூட்டுக் கணக்கும் முழுத் தொகையாக அதில் வரும், பணம் யாருடையது என்பது வேறு விஷயம். 2023-ல் 80 லட்சம் வொன் சுமார் 6,200 டாலர், 5 லட்சம் ரூபாய் சுமார் 6,000. தனித்தனியாகப் பார்த்தால் சின்னதுதான், கூட்டினால் தாண்டிவிட்டது. 2024-ல் கொரியக் கணக்கே தாண்டிவிட்டது. ஆக இரண்டு வருடத்துக்கும் போட வேண்டும். எஃப்பார் ஐ.ஆர்.எஸ்.ஸுக்குப் போவதில்லை, ஃபின்சென் என்ற வேறு பிரிவின் தளத்தில் ஆன்லைனில் போடுவது, கட்டணம் இல்லை. 2024-க்கு அக்டோபர் 15 வரை தானாகவே நேரம் உண்டு. 2023-க்குத் தாமதம், அதற்கான காரணத்தைத் தேர்ந்தெடுத்து எழுதும் இடம் அந்த அறிக்கையிலேயே இருக்கிறது. தெரியாமல் விட்டவர்களுக்கு அபராதம் கணக்கு ஒவ்வொன்றுக்கும் இல்லை, அறிக்கைக்கு ஒன்றுதான் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் பிட்னர் வழக்கில் சொல்லிவிட்டது. அவர்கள் கேட்பதற்கு முன்பு, வருமானத்தையும் ஒழுங்காகக் காட்டிவிட்டு, தானாக முன்வந்து போடுவதுதான் அவளுக்குப் பாதுகாப்பு. அதனால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

வைப்பு நிதியின் வட்டியில் அவள் பங்கை 1040-ல் காட்டச் சொல்லுங்கள். 2555 உழைத்த பணத்துக்கு மட்டும்தான், வட்டிக்கு இல்லை. இருந்தாலும் சில நூறு டாலர் வட்டி பொதுக் கழிவுக்குள் அடங்கிவிடும், வரி வராது.

நியூஜெர்சி விஷயம் கொஞ்சம் கசப்பு. வெளிநாட்டுச் சம்பள விலக்கை நியூஜெர்சி ஏற்பதில்லை, கலிஃபோர்னியாவும் அப்படித்தான். கலிஃபோர்னியாவில் வேலை ஒப்பந்தத்தோடு தொடர்ந்து 546 நாள் வெளியே இருந்தால் வெளிவாசி ஆக ஒரு வழி உண்டு. நியூஜெர்சியில் மூன்று நிபந்தனையும் சேர்ந்து வேண்டும்: இங்கே நிரந்தர வீடு இருக்கக்கூடாது, வெளியே நிரந்தர வீடு இருக்க வேண்டும், வருடத்தில் 30 நாளுக்கு மேல் இங்கே தங்கக்கூடாது. அவள் 24 நாள்தான் வந்தாள். ஆனால் குறிப்பிட்ட வேலைக்காகத் தற்காலிகமாகத் தங்கும் இடத்தை நிரந்தர வீடாக அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை, பள்ளி கொடுத்த அறை அப்படிப்பட்டதுதான். என் கருத்தில் மாநில ரிட்டர்னும் போட்டுவிடுவதே சரி. 1.4, 1.75 சதவீத அடுக்குகளில் வருடம் 300, 350 டாலர் அளவில் வரும். 2023-க்கு அபராதமும் வட்டியும் கொஞ்சம் சேரும். அறையையும் உரிமத்தையும் பற்றிக் கவலை வேண்டாம். பெற்றோர் வீட்டில் அறை இருப்பதால் மட்டும் 2555 தகுதி போய்விடாது.


சோங்கிங்_ஆசிரியை
2025 மே 16, காலை 5:50

சீனாவில் இருப்பவர்கள் யாராவது படித்தால்: அமெரிக்க சீன ஒப்பந்தத்தில் ஆசிரியர்களுக்கு 19-வது பிரிவு, மொத்தமாக மூன்று வருடம். இடையில் ஊருக்குப் போய்விட்டு வந்தால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண முடியாது. கொரோனா வந்து 2020 ஜனவரியில் நாங்கள் பாதியில் கிளம்பியபோது, 330 நாள் நிறைவாகாதவர்களுக்கு ஐ.ஆர்.எஸ். அந்த வருடத்துக்குத் தளர்வு கொடுத்தது. போர், கலவரத்தால் வெளியேற நேர்ந்தவர்களுக்கும் வருடாவருடம் நாடுகளின் பட்டியல் வெளியிடுகிறார்கள். நாள் குறைந்துவிட்டதே என்று யாரும் உடனே கைவிட வேண்டாம்.


எடிசன்_அம்மா
2025 ஜூன் 8, காலை 11:30

எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும் என்று வந்தேன். 2024 ரிட்டர்ன் போன வாரம் ஆன்லைனில் போய்விட்டது. 2023-ஐக் காகிதத்தில் அச்சடித்து, ஐயா சொன்ன வாசகத்தைத் தலையில் நீல மையில் எழுதி, மகள் கையெழுத்திட்டு, டெக்சாஸ் ஆஸ்டின் விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். ரசீதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறாள். எஃப்பார் இரண்டும் ஆன்லைனில் முடிந்தது. நியூஜெர்சிக்கு இரண்டு வருடப் பணமும் கட்டியாயிற்று. அதை அவளே தன் சேமிப்பிலிருந்து கட்டினாள், நான் கொடுக்கிறேன் என்றாலும் கேட்கவில்லை.

அவள் பள்ளியில் இருக்கும் இன்னும் மூன்று அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இந்த இழையை மொழிபெயர்த்துச் சொன்னாளாம். அதில் ஒரு பையன் நான்கு வருடமாகப் போடவில்லை. அவனுக்கு என்ன செய்வது என்று கேட்கிறாள், ஐயா நேரம் இருந்தால் சொல்லுங்கள்.


கணக்கர்_மிச்சிகன்
2025 ஜூன் 8, பிற்பகல் 12:40

ரொம்ப சந்தோஷம், அம்மா. அந்தப் பையனுக்கும் வரி பூஜ்யம்தான் என்றால் உங்கள் மகள் செய்ததையே செய்யலாம். வரி பாக்கி வரும் என்றால், தெரியாமல் விட்டவர்களுக்கென்று ஒரு சீரமைப்புத் திட்டம் இருக்கிறது. கடைசி மூன்று வருட ரிட்டர்னும் ஆறு வருட எஃப்பாரும், ஏன் போடவில்லை என்று உண்மையை எழுதும் ஃபார்ம் 14653-ம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அதில் அபராதம் இல்லை, வரியும் வட்டியும் மட்டும். ஐ.ஆர்.எஸ். முதலில் அவன் கணக்கைப் பரிசோதிக்கத் தொடங்கிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும், சீக்கிரம் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் மகள் இந்த வருடம் ஊருக்கு வரும்போதும் நாளை எண்ணிக்கொள்ளுங்கள்.


எடிசன்_அம்மா
2025 ஜூன் 8, பிற்பகல் 12:55

ஆகஸ்ட் 2-ஆம் தேதி வருகிறாள் ஐயா, 18 நாள் இருப்பாள். காலண்டரில் இப்போதே எழுதிவிட்டேன்.